படிப்பும் பராமரிப்பும்: வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களில் சிலர், கடைசி வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, படுக்கையில் இருக்கும் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, சமைத்து, இரவில் இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை முதல் வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்து நிற்கிறார்கள். அவர்களை வகுப்பறையில் தினமும் பார்க்கும் ஆசிரியர்களுக்காகவும், துறைத் தலைவர்களுக்காகவும், முதல்வர்களுக்காகவும், அந்த மாணவர்களுக்காகவும் இந்தக் கேள்வி-பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

பராமரிக்கும் மாணவர் என்று யாரைச் சொல்கிறோம்?

ஊதியம் எதுவும் இல்லாமல், குடும்பத்தில் ஒருவருடைய நோய், மாற்றுத்திறன், முதுமை, மனநலப் பாதிப்பு அல்லது குடிப்பழக்கம் காரணமாக அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்றிருக்கும் மாணவரைச் சொல்கிறோம். வீட்டு வேலையில் கைகொடுப்பது வேறு. தான் போகாவிட்டால் அந்த வேலை நடக்காது, நடக்காவிட்டால் ஒருவருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவரே இங்கே நாம் பேசும் மாணவர். பக்கவாதம் வந்த தந்தை, வாரம் தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய், மறதி நோய் கொண்ட பாட்டி, அறிவுசார் குறைபாடு உள்ள தம்பி, தாய் இறந்தபின் பள்ளிக்கு அனுப்பிவைக்க வேண்டிய தங்கைகள் என்று வீட்டுக்கு வீடு நிலைமை மாறும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பராமரிப்பாளர் என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஊதியத்துடனோ ஊதியமின்றியோ கவனித்துக்கொள்ளும் பெற்றோரையும் பிற குடும்ப உறுப்பினர்களையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. சட்டம் ஏற்றுக்கொண்ட இந்தப் பொறுப்புக்குக் கல்லூரி விண்ணப்பங்களிலும் பதிவேடுகளிலும் ஒரு கட்டம்கூட இல்லை என்பதுதான் குறை.

இப்படிப்பட்டவர்கள் வகுப்பில் இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகைப் பதிவேட்டை மாதம் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஊர் சுற்றும் மாணவருடைய விடுப்புகள் தாறுமாறாக இருக்கும்; பராமரிக்கும் மாணவருடைய விடுப்புகளில் ஒரு ஒழுங்கு இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் காலையில் வராமல் இருப்பார், அல்லது மாதத்தில் முதல் திங்கள் தவறாமல் விடுப்பில் இருப்பார். அது அநேகமாக அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் நாளாக இருக்கும். கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க மாட்டார். பையில் பாடப் புத்தகத்தோடு எக்ஸ்ரே கவர் இருக்கும். வகுப்பில் கைபேசி அதிர்ந்தால் முகம் மாறும்.

இன்னொரு அடையாளத்தை நாமே உருவாக்கி வைத்திருக்கிறோம். வருகை குறைந்தால் "அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்கிறோம். அந்த அப்பாவோ அம்மாவோ படுக்கையில் இருக்கிறார். கூட்டி வர முடியாத மாணவர், காரணத்தையும் சொல்ல முடியாமல், அந்தப் பேராசிரியரின் வகுப்பையே தவிர்க்கத் தொடங்குகிறார்; வருகை இன்னும் குறைகிறது. பெற்றோரை அழைத்து வரச் சொன்ன பிறகும் வராமல் ஒரு மாணவர் நழுவினால், கோபப்படுவதற்கு முன் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பது நல்லது.

அவர்களே ஏன் முன்வந்து சொல்வதில்லை?

சொன்னால் கிடைப்பது பெரும்பாலும் பரிதாபம் மட்டுமே என்று அவர்கள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு மனச்சிதைவு என்றோ அப்பாவுக்குக் குடி என்றோ வெளியே தெரிந்தால் அக்காவின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லியே அனுப்பியிருப்பார்கள். இவை இரண்டும் இல்லாதவர்கள்கூட, பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது கடமை, அதை ஒரு காரணமாகச் சொல்லி நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். அந்த உணர்வை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அதைப் புகழ்ந்து பேசும்போது கவனம் தேவை. "உன்னைப் போல ஒரு பிள்ளை கிடைக்க உங்கள் வீட்டார் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த மாணவர் களைத்துவிட்டேன் என்று நம்மிடம் ஒருபோதும் சொல்ல மாட்டார்.

முதல் பேச்சை எப்படித் தொடங்குவது?

தனியாக, நின்றபடி இல்லாமல் உட்கார வைத்து, வருகைச் சதவீதத்தைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே பேசாமல் தொடங்க வேண்டும். "வீட்டில் யாருக்கும்மா முடியவில்லை? ராத்திரி யார் கூட இருக்கிறார்கள்?" என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை எவரும் சொல்லிவிடுவார்கள். இரவில் தான் ஒருத்திதான் கூட இருக்கிறேன் என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். பிறகு, இதை யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று மாணவரிடமே அனுமதி கேட்க வேண்டும். ஆசிரியர் அறையில் அவருடைய குடும்பக் கதை பேச்சுப் பொருளாகிவிட்டது என்று தெரிந்தால் அந்த மாணவர் நம்மிடம் மீண்டும் வரமாட்டார்.

துறைக்கு ஒருவர் என்று ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைத்தால், ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் தனித்தனியாகப் போய் அதே துயரத்தை விளக்க வேண்டிய நிலை மாணவருக்கு இருக்காது. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது "இந்த மாணவருக்கு வீட்டில் மருத்துவக் காரணம் உண்டு, துறை அறியும்" என்ற ஒரு வரி மட்டுமே.

75 சதவீத வருகை விதியை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல மாணவர்கள் படிப்பை விடுவது இந்த இடத்தில்தான். ஒரு பருவத்தில் 90 வேலை நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எழுதத் தேவையான 75 சதவீதத்துக்கு 68 நாள் வந்திருக்க வேண்டும். 22 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பது) கட்டணம் கட்டியோ சான்று கொடுத்தோ பெறும் விலக்கு பல பல்கலைக்கழகங்களில் 65 சதவீதம் வரைதான் செல்லும். அதாவது 31 நாள் விடுப்பு.

இப்போது, வாரத்தில் இரண்டு வேலை நாள்கள் தாயை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். போக வர, ஊசி போட்ட இடத்தில் இரத்தம் நிற்கும்வரை காத்திருக்க என்று அரை நாள் போய்விடும். வாரம் ஐந்து நாள் இயங்கும் கல்லூரியில் 90 நாள் என்பது 18 வாரம். 36 நாளும் முழு விடுப்பு என்று குறிக்கப்பட்டால் அவருடைய வருகை 60 சதவீதம். விலக்குக்கும் எட்டாத தூரம். அதே மாணவி பிற்பகல் வகுப்புகளுக்கு வந்து, அரை நாள் வருகை முறையாகப் பதிவானால் இழப்பு 18 நாள்; வருகை 80 சதவீதம். யாரும் எந்தச் சலுகையும் தராமலேயே அவர் தேர்வு எழுதலாம்.

ஆக, காலையில் வராதவரை "இனி எதற்கு வந்தாய்" என்று வாசலில் திருப்பி அனுப்பாமல் இருப்பதும், அரை நாளை அரை நாளாகப் பதிவு செய்வதும் முதல் உதவி. அடுத்தது, டயாலிசிஸ் நேரத்தை மாற்றித் தரும்படி மருத்துவமனைக்குக் கல்லூரியின் கடிதத் தாளில் ஒரு கடிதம். பல மையங்கள் ஷிஃப்ட் முறையில் இயங்குகின்றன. மாணவியின் வகுப்பு அட்டவணையை இணைத்து முதல்வர் கையொப்பமிட்ட கடிதம், மாணவி தனியாகப் போய் நின்று கெஞ்சுவதைவிட அதிகம் பயன்படும். மூன்றாவதாக, இரண்டு ஷிஃப்டுகள் நடக்கும் கல்லூரிகளில் காலை ஷிஃப்டிலிருந்து பிற்பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம். அதே பாடப்பிரிவு இரண்டிலும் இருந்து இடமும் இருந்தால் இதைவிட நல்ல தீர்வு இல்லை.

நாள் வரிசை முறை (டே ஆர்டர்; கிழமையோடு ஒட்டாமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று அட்டவணை சுழல்வது) இல்லாமல் கிழமை முறையில் அட்டவணை நடக்கும் கல்லூரிகளில் வேறொரு சிக்கல் உண்டு. செவ்வாய் முதல் மணி எப்போதும் ஒரே பாடம் என்றால், மொத்த வருகை நன்றாக இருந்தும் அந்தப் பாடம் மட்டும் கையைவிட்டுப் போகும். பாடவாரியாக வருகை கணக்கிடும் கல்லூரிகளில் இது தேர்வுக்கே தடையாகும். ஆகவே பருவம் தொடங்கி மூன்றாவது வாரத்துக்குள் இதைக் கவனித்துவிட வேண்டும். ஹால் டிக்கெட் நேரத்தில் கவனித்துப் பயனில்லை.

விதியில் இடமே இல்லை என்று நிர்வாகம் சொன்னால்?

பெரும்பாலான விதிமுறைகளில் மருத்துவக் காரணம் என்ற சொல் மாணவரின் சொந்த நோயாகவே நடைமுறையில் கொள்ளப்படுகிறது என்பது உண்மைதான். அதனால்தான் நல்ல மாணவர்கள்கூடத் தனக்குக் காய்ச்சல் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். உண்மையைச் சொல்பவருக்கு வழி இல்லாமல், பொய் சொல்பவருக்கு வழி இருக்கும் விதி மாற்றப்பட வேண்டியது.

மாற்றலாம் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலை, முதுநிலை மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பும் வருகை விலக்கும் தருவதற்கு விதிகள் வகுக்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதவிடாய்க் காரணத்துக்காக மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் 2 சதவீதம் கூடுதல் வருகை விலக்கு அளித்தது. கேரள அரசு அதைப் பிற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவுபடுத்தி, தேவையான வருகையை 73 சதவீதமாக்கியது. பராமரிப்புக் காரணத்துக்கும் இதே வடிவில் ஒரு விலக்கு தர எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தங்கள் கல்விக் குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும் வாய்ப்பு இருக்கிறது. இணைவுக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். ஒரு கல்லூரி எழுதினால் கோப்பில் தூங்கும், ஒரு மாவட்டத்தின் கல்லூரிகள் சேர்ந்து எழுதினால் விவாதத்துக்கு வரும்.

என்ன சான்று கேட்கலாம்?

டிஸ்சார்ஜ் சுருக்கம், ஓ.பி. நோட்டு, டயாலிசிஸ் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் நகல், பருவத்துக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு விடுப்புக்கும் புதிய சான்று கேட்பது, அந்தச் சான்றை வாங்கவே இன்னொரு நாள் விடுப்பு எடுக்கவைக்கும். மனநலப் பாதிப்பு உள்ள வீடுகளில் காகிதமே இருக்காது. இருந்தாலும் தர மாட்டார்கள். அங்கே மாணவரின் எழுத்து விளக்கமும், வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருடன் பொறுப்பாசிரியர் பேசிய பேச்சும் போதும் என்று கொள்ளலாம். ஒன்றிரண்டு பேர் இதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும். அதற்குப் பயந்து மற்றவர்களுக்குக் கதவை அடைப்பது சரியாகாது.

அகமதிப்பீட்டுத் தேர்வும் ஆய்வகமும் தவறிப்போனால்?

இன்டர்னல் தேர்வை மறுநாளோ அடுத்த வாரமோ வைத்துக்கொடுப்பது பெரும்பாலும் பாட ஆசிரியர், துறைத் தலைவர் கையில் இருக்கும் விஷயம். ஒப்படைப்புகளுக்குக் கெடு நீட்டிப்பதும் அப்படியே. ஆய்வகம் சற்றுக் கடினம். குறிப்பேட்டைப் பார்த்து எழுதிவிடலாம், டைட்ரேஷன் போன்ற வேதியியல் சோதனையைக் கையால் செய்துதான் பழக வேண்டும். வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்திருந்தால் இன்னொரு பேட்ச்சின் நாளில் வந்து செய்ய அனுமதிக்கலாம். கைபேசி தடை செய்யப்பட்ட கல்லூரிகளில், இந்த மாணவர்களுக்கு மட்டும் அதிர்வில் வைத்திருக்க எழுத்தில் அனுமதி கொடுத்தால், அவர்கள் மனம் பாதி வகுப்பிலாவது இருக்கும்.

ஓர் ஆண்டு படிப்பை நிறுத்திவிட்டு வரலாமா?

சில நேரங்களில் அதுவே சரி. ஆனால் அது முதல் யோசனையாக இருக்கக் கூடாது. நிறுத்தினால் ஒரு வருடத்தில் வீட்டு நிலை சரியாகும் என்று எந்த உறுதியும் இல்லை, அதற்குள் மாணவரின் முழு நாளும் பராமரிப்புக்குப் பழகிவிடும். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிடும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் நின்றுவிடாமல், தேர்வுப் பதிவுக்கான கடைசி நாளுக்கு முன் முதல்வர் வழியாக முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். முடிந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்காமலேயே இருப்பது நல்லது. வாங்கிவிட்டால் திரும்பி வருவது புதிய சேர்க்கை போல ஆகிவிடும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் பெறுபவர்களும் பிற கல்வி உதவித்தொகை பெறுபவர்களும், இடைவெளி எடுத்தால் அது என்னவாகும் என்று உதவித்தொகைப் பிரிவில் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சேர்ந்து படிப்பதும் ஒரு வழி. ஆய்வகம் தேவைப்படாத பாடங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

வீட்டுச் சுமையைக் குறைக்க அரசு உதவி என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. மாத்திரை வாங்க மட்டும் மாதம் ஒரு நாள் விடுப்பு எடுக்கும் மாணவருக்கு இந்த ஒரு தகவலே பெரிய உதவி. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. டயாலிசிஸும் அதில் அடங்கும். அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச் சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் போன்ற நிலைகளில் உள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பக்கவாதத்தால் முடங்கியவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்று பெறலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. மனநலப் பாதிப்புக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தினருக்கும் வழிகாட்டுகிறது.

இந்த விண்ணப்பங்களை நிரப்ப நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு நாள் உதவினால், அவர்கள் நட்ட மரக்கன்றுகளுக்குச் சற்றும் குறையாத சேவை அது.

இது மாணவியரின் பிரச்சினை மட்டும்தானா?

கூடுதலாக அவர்களுடையது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதத்தினர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகின்றனர், அதற்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகின்றனர், ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் கல்லூரியில் படிக்கும்போது, அம்மா விழுந்துவிட்டால் யார் விடுப்பு எடுப்பார்கள் என்பது யாரும் பேசாமலேயே முடிவாகிவிடுகிறது. பொறுப்பாசிரியர் வீட்டாரோடு பேசும்போது, "வாரத்தில் இரண்டு நாள் தம்பி பார்த்துக்கொள்ளலாமே" என்று மென்மையாகச் சொல்வதில் தவறில்லை. வெளியாள் சொல்லும்போது சில வீடுகளில் அது எடுபடுகிறது.

ஆனால் அப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைக்கும் மகன்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதே இல்லை; பகுதிநேர வேலைக்குப் போகிறான் என்று எழுதிவிடுகிறோம். பல நேரங்களில் அந்த வேலையும் சேர்ந்தே இருக்கும்.

ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் மற்ற மாணவர்களுக்கு அநீதி ஆகாதா?

விளையாட்டுப் போட்டிக்கும் என்.சி.சி. முகாமுக்கும் போகிறவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வந்ததாகவே கணக்கில் கொள்வது) கொடுக்கிறோம், அதை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. விலக்கு வருகையில்தான்; தேர்வில் இல்லை. அதே வினாத்தாளுக்கு அவரும் விடை எழுதுகிறார்.

சேர்க்கைப் படிவத்திலேயே இதைக் கேட்டுவிடலாமா?

விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்ற குறிப்போடு கேட்கலாம். பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கையை நடத்தும் யூகாஸ் அமைப்பு, 2023 சேர்க்கை முதல் தன் விண்ணப்பத்தில் பராமரிப்புப் பொறுப்பு உண்டா என்று கேட்கிறது. அதே நாட்டின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில், வாரம் 21 மணி நேரமோ அதற்கு மேலோ படிப்பவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை கிடையாது என்ற விதியும் இருக்கிறது. படிப்பு, உதவி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இளைஞரை நிறுத்தும் அந்த விதி நமக்கு எச்சரிக்கை. நம் கல்லூரிகளில், தகவலைத் திரட்டினால் அதை யார் பார்ப்பார், பார்த்து என்ன செய்வார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒன்றும் செய்யாத இடத்தில் கேட்காமல் இருப்பதே மேல்.

மாணவரின் மனநிலை குறித்து எப்போது கவலைப்பட வேண்டும்?

தூக்கமின்மை, எரிச்சல், படித்தது நிற்காமை போன்றவை நெடுநாள் களைப்பின் விளைவுகள். அவற்றைச் சோம்பல் என்று எழுதக் கூடாது. வாழ்வதில் அர்த்தமில்லை என்ற தொனியில் பேச்சு வந்தால் அன்றே கவனிக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

பலரும் கவனிக்கத் தவறும் காலம் ஒன்று உண்டு. கவனித்துக்கொண்டிருந்தவர் இறந்த பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாணவர் கல்லூரிக்குத் திரும்புகிறார். இனி வீட்டில் வேலை இல்லை, ஒழுங்காகப் படிப்பார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொடுத்த சலுகைகளும் நின்றுவிடுகின்றன. ஆனால் ஆண்டுக்கணக்கில் இரவு இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு இன்னும் இரண்டு மணிக்கு எழுகிறது. நான் சரியாகப் பார்க்கவில்லையோ, அந்த ஊசியைச் சீக்கிரம் போட்டிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் புத்தகத்தைத் திறக்க விடாது. அந்தப் பருவம் முடியும்வரை ஏற்பாடுகளை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

நானே அந்த மாணவர். இந்த வாரம் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வருகைச் சதவீதத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டு, இன்னும் எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை நாள்களை ஒரு காகிதத்தில் எழுதி, நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் வாயால் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்கவில்லை என்றால் துறைத் தலைவரிடம், பிறகு முதல்வரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரிகளில் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு முகாமில் இதைப் பற்றிச் சொல்லலாமா?

படிப்பில் இடைவெளி இருந்து, ஏன் என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: "வீட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம், ஓராண்டு நான் பார்த்துக்கொண்டேன்" என்ற ஒரு வரி போதும். வெளியூர் வேலையை ஏற்க முடியாத நிலை இருந்தால் அதை முகாமுக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலரிடம் தெரிவித்துவிடுங்கள். கிடைத்த வேலையை மறுத்தவர் அடுத்த நிறுவனத்துக்கு உட்காரக் கூடாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு, அதிலிருந்து உங்களுக்கு விலக்குக் கேட்டு வாங்கவேண்டியது அவருடைய பொறுப்பு.